சின்ன நீர்மின் அணை: பெரிதாக்குவதா, இறக்குவதா, விற்பதா, இடிப்பதா?

தனியாருக்குச் சொந்தமான ஒரு சின்ன நீர்மின் அணையை எடுத்துக்கொள்வோம். வயது எண்பது, தொண்ணூறு இருக்கும். நடுவில் கான்கிரீட்டில் ஓர் உபரிநீர்ப் போக்கி (ஏரிகளில் கலிங்கு என்கிறோமே, அதேதான்), இரண்டு பக்கமும் மண் கரை, ஓரமாக பவர் ஹவுஸ். ஆய்வுக்கு வந்த பொறியாளர் கரையை முழுக்க நடந்து பார்க்கிறார், கணக்குப் போடுகிறார், "பெரிய வெள்ளம் வந்தால் இந்தப் போக்கி தாங்காது" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறார். இனி உரிமையாளர் என்ன செய்ய வேண்டும்?

அவர் முன்னால் ஐந்து வழிகள் உண்டு. அப்படியே விட்டுவிடலாம். போக்கியைப் பெரிதாக்கிக் கரையைப் பலப்படுத்தலாம். நீர்மட்டத்தை நிரந்தரமாக இறக்கலாம். வேறொருவருக்கு விற்கலாம். அணையையே எடுத்துவிடலாம். இந்த முடிவில் அவர் மட்டும் இல்லை. தேக்கத்தின் கரையில் வீடு கட்டியவர்கள், கீழே ஆற்றோரம் குடியிருப்பவர்கள், ஊராட்சி, மின்சாரம் வாங்கும் நிறுவனம் என்று எல்லோருக்கும் இதில் பங்கு உண்டு. அதில் கீழே குடியிருப்பவர்களைத்தான் யாரும் கூப்பிட்டுக் கேட்பதில்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே இதை எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் எந்த வழிக்குப் போனாலும், நீர்மட்டத்தை இறக்குவதுதான் முதல் வேலை. விற்பது என்பது தனியாக ஒரு வழியே அல்ல. இந்த இரண்டுக்கும் காரணம் ஒரு சின்னக் கணக்கில் இருக்கிறது.

வருமானம் ஒரு தண்ணீர், ஆபத்து வேறு தண்ணீர்

நம் அணையில் நீர் விழும் உயரம் 6 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். டர்பைன் வழியாக வினாடிக்கு 10 கன மீட்டர் தண்ணீர் போகிறது. இயந்திரங்களின் திறன் 80 சதவீதம் என்றால் சுமார் 470 கிலோவாட் கிடைக்கும். ஆண்டு முழுவதும் ஆறு ஒரே அளவில் ஓடாது. சராசரியாகப் பாதி அளவு ஓடுகிறது என்று கொண்டால் ஆண்டுக்கு ஏறக்குறைய 20 லட்சம் யூனிட். இதுதான் அணையின் சம்பாத்தியம். சம்பளம், பழுது, காப்பீடு, ஆய்வுச் செலவு எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும்.

இப்போது வெள்ளத்தைப் பாருங்கள். சாதாரண நாளில் வினாடிக்கு 10 கன மீட்டர் ஓடும் ஆற்றில் பெருமழைக்கு 300 வரலாம். டர்பைன் அதில் 10ஐ எடுத்துக்கொள்ளும் என்று நினைக்கத் தோன்றும். அதுகூட நடக்காது. வெள்ள நேரத்தில் அணைக்குக் கீழேயும் நீர் ஏறிவிடுவதால் விழும் உயரம் குறைந்துபோகும், மரக்கிளையும் செத்தையும் கம்பித் தடுப்பில் வந்து அடைத்துக்கொள்ளும், மின் கம்பி எங்காவது அறுந்து ஜெனரேட்டர் நின்றுவிடும். ஆக, வரும் வெள்ளம் முழுவதும் போக்கி வழியாகத்தான் போக வேண்டும்.

போக்கியின் நீளம் 20 மீட்டர். அதன் விளிம்பிலிருந்து மண் கரையின் முகடு வரை 2.5 மீட்டர் இடைவெளி. விளிம்புக்கு மேலே நீர் ஒன்றரை மீட்டர் உயரத்துக்குப் போனால் வினாடிக்கு சுமார் 73 கன மீட்டர் வெளியேறும். கரை முகட்டைத் தொடும் 2.5 மீட்டரில் 158. அவ்வளவுதான் அதன் சக்தி. வருவது 300, போவது 158 என்றால் மீதி மண் கரை மேல் ஏறி வழியும். மண் கரை மேல் நீர் வழிய ஆரம்பித்தால் கீழ்ச்சரிவின் அடியிலிருந்து மண் அரித்துப் போகும், பள்ளம் பின்னோக்கி மேலே ஏறும், முகடு அறுபடும். கான்கிரீட் அணையென்றால் கொஞ்ச நேரம் வழிந்தாலும் நிற்கக்கூடும். அதிலும் அடிப்பாறையும், இரண்டு பக்கமும் அணை சேரும் கரையோரங்களும் அரிபடாமல் இருக்க வேண்டும்.

நான் சொல்ல வருவதன் சாரம் இதுதான். அணைக்கு வருமானம் தருவது ஆற்றின் சராசரி நீர். அணையை உடைப்பது ஐம்பது, நூறு ஆண்டுக்கு ஒருமுறை வரும் நீர். முதலாவதிலிருந்து வரும் பணத்தில் இரண்டாவதுக்கான வேலையைச் செய்ய வேண்டியிருக்கிறது. பெரிய அணைகளில் இது ஒருவழியாகச் சமாளிக்கக்கூடியது. சின்ன அணையில் பல நேரம் முடிவதில்லை. உரிமையாளர் கெட்டவர் என்பதால் அல்ல, கணக்கு அப்படி.

ஈடன்வில்லில் நடந்தது

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டிட்டபவாசி ஆறும் டொபாக்கோ ஆறும் சேரும் இடத்தில் ஈடன்வில் அணை இருந்தது. 1920களில் கட்டப்பட்ட மண் அணை, மின் திறன் வெறும் 4.8 மெகாவாட். கடைசியில் அது பாய்ஸ் ஹைட்ரோ என்ற தனியார் நிறுவனத்தின் கையில் இருந்தது. அந்த இடத்தில் வரச் சாத்தியம் என்று கணக்கிட்ட உச்சபட்ச வெள்ளத்தில் பாதி அளவைத்தான் அதன் போக்கிகளால் வெளியேற்ற முடியும் என்பதைக் கூட்டாட்சி எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் பல ஆண்டுகளாகச் சுட்டிக்காட்டிக்கொண்டிருந்தது. போக்கியைப் பெரிதாக்கும் வேலை நடக்கவில்லை. 2018 செப்டம்பரில் ஆணையம் உரிமத்தை ரத்து செய்தது.

இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். உரிமம் போனதும் மின் உற்பத்தி நின்றது, வருமானமும் நின்றது. ஆனால் ஏரி அப்படியே இருந்தது. அணையும் அதே பலவீனத்தோடு நின்றது. கூட்டாட்சி ஆணையத்தின் அதிகாரம் உரிமத்தோடு ஒட்டியது என்பதால் பொறுப்பு மாநில அரசுக்கு மாறியது. ஏரிக்கரை மக்களின் சார்பில் உள்ளூர் அமைப்பு ஒன்று அணையை வாங்க ஏற்பாடு செய்துகொண்டிருந்தது. நடுவில் உரிமையாளர் குளிர்காலத்தில் நீர்மட்டத்தை இறக்கியது குறித்து சண்டை வந்தது. அனுமதி இல்லாமல் இறக்கியதால் நன்னீர்ச் சிப்பிகள் ஆயிரக்கணக்கில் செத்தன என்று மாநில அரசு 2020 ஏப்ரல் கடைசியில் வழக்கே போட்டது.

அந்த வழக்கு போட்டு மூன்று வாரம்கூட ஆகவில்லை. மே மாத நடுவில் கனமழை. மதகுகள் எல்லாம் திறந்துதான் இருந்தன. ஏரியின் நீர்மட்டம் அதுவரை கண்ட உச்சத்தைவிட சுமார் 3 அடி மேலே போனது. மே 19, மாலை 5.35 மணியளவில் கிழக்குப் பக்கக் கரையின் ஒரு பகுதி சில வினாடிகளில் சரிந்து ஓடியது. பக்கத்தில் இருந்த ஒருவர் எடுத்த வீடியோவில் அது அப்படியே பதிவாகியிருக்கிறது. புல் முளைத்த கரை, திடமாக நிற்கிறது. அடுத்த கணம் குழம்பாகி வழிகிறது. அந்த வெள்ளம் கீழே இருந்த சான்ஃபோர்ட் அணையையும் உடைத்தது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வீட்டைவிட்டு வெளியேற வேண்டியிருந்தது. நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை. இரண்டரை மாதத்துக்குள் உரிமையாளர் நிறுவனம் திவால் மனு கொடுத்தது.

இன்னொரு விஷயமும் உண்டு. உடைந்த இடத்தில் நீர் கரைக்கு மேலே ஏறவே இல்லை. முகட்டுக்கு ஓரடிக்கு மேல் கீழேயே இருந்தது. 2022இல் வந்த சுயாதீன நிபுணர் குழுவின் அறிக்கை காரணத்தைச் சொன்னது. கட்டும்போது அந்தப் பகுதியில் இறுக்கப்படாமல் போடப்பட்ட மணல், நீர் ஊறி ஏறியதும் பிடிமானத்தை இழந்து திரவம்போல ஓடிவிட்டது. எல்லோரும் போக்கியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். போனது, நூறாண்டாக யாரும் கவனிக்காத மணல். போக்கி போதுமானதாக இருந்திருந்தால் நீர் அந்த அளவுக்கு ஏறியிருக்காது என்பதும் உண்மைதான். பழைய அணையில் ஒரு குறை இன்னொரு குறையைத் தட்டி எழுப்பும்.

அப்படியே விட்டுவிடுவது

இதைப் பற்றி நீட்டி எழுத எனக்கு மனமில்லை, ஆனால் சொல்லாமல் விடவும் முடியாது. ஜார்ஜியா மாநிலத்தில் டொக்கோவா என்ற ஊருக்குப் பக்கத்தில் கெல்லி பார்ன்ஸ் என்ற சின்ன அணை. 1899இல் மின்சாரத்துக்காகத் தொடங்கியது, பிறகு மேலே மேலே மண் போட்டு உயர்த்தப்பட்டது. 1957இல் மின் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். ஏரி மட்டும் அழகுக்காக நின்றது. இருபது ஆண்டு கழித்து, 1977 நவம்பர் 6ஆம் தேதி நள்ளிரவு தாண்டி, மழையில் அது உடைந்தது. கீழே ஒரு கல்லூரி வளாகம். தூக்கத்தில் இருந்தவர்கள் உட்பட 39 பேர் செத்துப்போனார்கள். "இப்போதுதான் மின்சாரமே எடுப்பதில்லையே" என்று ஓர் அணையை விட்டுவைப்பவர்கள் அந்த இருபது ஆண்டை நினைத்துப் பார்க்க வேண்டும்.

பெரிதாக்குவது

நிறைய உரிமையாளர்களின் மனதுக்குப் பிடித்த வழி இது. ஏரி இருக்கும், மின்சாரம் இருக்கும், ஆபத்தும் குறையும். தொழில்நுட்பத்துக்குக் குறைவில்லை. போக்கியின் விளிம்பை நேர்கோடாக வைக்காமல் மடித்து மடித்துக் கட்டினால் அதே 20 மீட்டர் அகலத்துக்குள் 60 மீட்டர் நீளமான விளிம்பு கிடைக்கும். நீர் குறைந்த உயரத்தில் வழியும்போது இதன் பலன் மிக அதிகம், உயரம் கூடக்கூட பலன் குறையும். என்றாலும் நம் அணையின் 158ஐ இரண்டு மடங்கு ஆக்க இது போதும், ஏரி மட்டத்தைத் தொடாமலேயே. இடம் இருந்தால் கரையின் ஓரத்தில் இன்னொரு போக்கி வெட்டலாம். மண் கரையின் கீழ்ச்சரிவில் உருளையால் இறுக்கிய கான்கிரீட்டைப் படிப்படியாகப் போட்டு, வழிந்தாலும் அரிக்காதபடி செய்யலாம்.

ஷட்டர் வைக்கலாமா, திறந்த விளிம்பா என்ற கேள்வி கட்டாயம் வரும். ஷட்டர் வைத்தால் அதே இடத்தில் அதிக நீரை விடலாம் என்பது காகிதத்தில் சரி. ஆனால் ஒரு சின்ன அணையில் ராத்திரி இரண்டு மணிக்கு யார் இருப்பார்கள்? ஷட்டரைத் தூக்கும் மோட்டாருக்கு மின்சாரம் வேண்டும், மின்சாரம் போவதே அந்த மழையில்தான். டீசல் ஜெனரேட்டர் இருக்கும், அதன் பேட்டரி இறங்கிப்போயிருக்கும். கையால் சுற்றும் சக்கரம் இருக்கும், அதன் பற்களில் கிரீஸ் காய்ந்து இறுகியிருக்கும். மேல்புறத்தில் ஒரு முழு மரம் வந்து குறுக்கே சாய்ந்திருக்கும். திறந்த விளிம்புக்கு ஆள் தேவையில்லை, கரண்ட் தேவையில்லை, நீர் வந்தால் அதுவாக வழியும். முழுநேர ஆள் வைக்க முடியாத உரிமையாளர் ஷட்டரை நம்பித் திட்டம் போடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

போக்கியைப் பெரிதாக்கினால் வெள்ளத்துக்குத்தான் வழி பிறக்கும். கசிவு அப்படியே இருக்கும். மண் அணையை உள்ளிருந்து தின்பது கசிவுதான். கரையின் அடிவாரத்தில் நடந்து பார்த்தால் தெரியும். மற்ற இடமெல்லாம் புல் காய்ந்து கிடக்க, ஓரிடத்தில் மட்டும் பச்சையாக, காலை வைத்தால் மெத்தென்று இருக்கும். அங்கே விரல் தடிமனில் நீர் ஊறி வரும். அதை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து ஒரு மணி நேரம் வைத்துப் பாருங்கள். அடியில் எதுவும் படியவில்லை என்றால் இப்போதைக்கு அது வெறும் கசிவு. மெல்லிய சாம்பல் நிறத்தில் ஒரு படலம் படிந்திருந்தால் நீர் மண்ணைத் தூக்கிக்கொண்டு வருகிறது, கரைக்குள் எங்கோ ஒரு குழாய் உருவாகிக்கொண்டிருக்கிறது. மதகுக் குழாயை ஒட்டி, வெட்டிப்போட்ட மரத்தின் மட்கிய வேரை ஒட்டி, எலி, பெருச்சாளி வளையை ஒட்டி இப்படி வருவது வழக்கம். ஒரு வாளியையும் கைக்கடிகாரத்தையும் வைத்து, வாளி நிறைய எத்தனை வினாடி ஆகிறது என்று வாரா வாரம் எழுதி வைத்தால், ஏரி மட்டம் அதேயளவில் இருக்கும்போது கசிவு கூடுகிறதா என்று தெரிந்துவிடும். பலப்படுத்தும் செலவில் மணலும் சரளையும் கொண்ட வடிகட்டி அடுக்கும் அடிவார வடிகாலும் இல்லையென்றால் அந்த மதிப்பீடு பாதி மதிப்பீடுதான். ஈடன்வில் போன்ற வயதில் உள்ள கரையில் துளை போட்டு மண்ணைச் சோதித்துப் பார்க்காமல் எந்த மதிப்பீட்டையும் நம்ப வேண்டாம்.

இந்த வழி யாருக்குச் சரி? அணை கான்கிரீட்டாக இருந்து, பாறையில் நின்று, மின் விற்பனை ஒப்பந்தம் நீண்ட காலத்துக்குக் கையில் இருந்து, கடன் கிடைக்கும் நிலையும் இருப்பவருக்கு. மற்றவர்கள் "அடுத்த ஆண்டு ஆரம்பிப்போம்" என்று தள்ளிக்கொண்டே போவார்கள். தள்ளிப்போடும் ஒவ்வோர் ஆண்டும் அணை முதல் வழியில்தான் இருக்கிறது, அதாவது அப்படியே விடப்பட்டிருக்கிறது.

இறக்குவது

எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது.

நீர்மட்டத்தை இறக்குவது என்றதும் மதகைத் திறந்துவிட்டு ஏரியை 2 மீட்டர் கீழே வைத்திருப்பது என்று பலர் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏரியின் பரப்பு 50 ஹெக்டேர் என்றால், 2 மீட்டர் உயரத்துக்கு 10 லட்சம் கன மீட்டர் இடம் காலியாகிறது. பெரிய எண்ணாகத் தெரிகிறது. வெள்ளத்தில் வரும் நீருக்கும் மதகு விடும் நீருக்கும் உள்ள வித்தியாசம் வினாடிக்கு 200 கன மீட்டர் என்றால், அந்த இடம் நிறைய 5,000 வினாடி போதும். ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. அதற்குப் பிறகு ஏரி பழைய மட்டத்தில், பழைய போக்கியோடு, வெள்ளம் இன்னும் வந்துகொண்டே இருக்கும்.

அதனால் இறக்குவது என்றால் போக்கியின் விளிம்பையே வெட்டி இறக்குவது. நம் அணையின் 20 மீட்டர் விளிம்பை முழு அகலத்துக்கும் 2 மீட்டர் கீழே வெட்டினால், கரை முகடு வரை இப்போது 4.5 மீட்டர் இடைவெளி. நீரின் உயரம் கூடக்கூட வெளியேறும் அளவு அதைவிட வேகமாகக் கூடும். 158ஆக இருந்தது 380ஐத் தாண்டிவிடும். 300 வந்தாலும் கரை நனையாது. இழப்பு என்ன? விழும் உயரம் 6லிருந்து 4 மீட்டர் ஆகும். மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்கு போகும். 20 லட்சம் யூனிட்டுக்குப் பதில் 14 லட்சத்தை ஒட்டி. வெட்டிய பிறகு அதிக நீர் பாயும் என்பதால் கீழே உள்ள சரிவுத் தளமும் பக்கச் சுவரும் அதைத் தாங்குமா என்று பார்த்தாக வேண்டும், பவர் ஹவுஸ் வாயில் புதிய மட்டத்தில் மூழ்கியிருக்குமா என்றும் பார்க்க வேண்டும். அப்படிச் சேர்த்துப் பார்த்தாலும், புதிய போக்கி கட்டுவதோடு ஒப்பிட்டால் இது சின்ன வேலை. கரைக்குள் நீர் அழுத்தமும் குறைவதால் கசிவும் தணியும். மூன்றில் ஒரு பங்கு மின்சாரத்தைக் கொடுத்து இரண்டு மடங்குக்கு மேல் வெள்ளத் தாங்குதிறனை வாங்குகிறோம். இதைவிட மலிவான பேரம் சின்ன அணையில் வேறு எதிலும் இல்லை.

இறக்கும் வேகத்திலும் கவனம் வேண்டும். நீர் ஊறிய மண் கரைக்கு முன்னால் இருக்கும் நீரைச் சட்டென்று எடுத்துவிட்டால் மேல்புறச் சரிவு தாங்காமல் சரியும். நாளொன்றுக்கு ஓர் அடிக்குள் இறக்குவது பல இடங்களில் வழக்கம், சரியான அளவைப் பொறியாளர்தான் சொல்ல வேண்டும்.

அப்புறம் ஏரிக்கரை வீடுகள். படகுத்துறை சேற்றில் நிற்கும், கிணறு இறங்கும், வீட்டின் விலை குறையும். அவர்கள் கோபப்படுவது நியாயம்தான். சிப்பியும் மீனும் சாவதும் சாதாரண விஷயம் அல்ல. அதனால்தான் அனுமதியை முன்கூட்டியே, வறண்ட காலத்துக்கு முன்பே வாங்கி, உயிரியலாளரைக் கூட வைத்துக்கொண்டு, ஒரேயொரு முறை நிரந்தரமாக இறக்க வேண்டும். குளிர்காலத்துக்கு இறக்கி கோடைக்கு ஏற்றுவது, பிறகு நீதிமன்றத்தில் நிற்பது என்று போனால் சிப்பிக்கும் நல்லதில்லை, கீழே இருப்பவர்களுக்கும் நல்லதில்லை.

கைமாற்றுவது

விற்றுவிட்டால் தலைவலி தீர்ந்தது என்று உரிமையாளருக்குத் தோன்றும். அவர் தலைவலி தீரலாம். பத்திரத்தில் பெயர் மாறுவதால் கரையில் ஒரு கூடை மண்கூடக் கூடுவதில்லை. விற்பனை இழுக்கும் மாதங்களில் பழையவர் செலவு செய்ய மாட்டார், புதியவரால் செய்ய முடியாது. ஈடன்வில் உடைந்தது அப்படியொரு இடைவெளியில்தான்.

வாங்குபவர் யார் என்பதைவிட, போக்கி வேலைக்கான பணம் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். விற்பனை நாளன்றே அந்தத் தொகை தனிக் கணக்கில் வைக்கப்பட்டு, வேலைக்கு மட்டும் எடுக்கும்படி கட்டப்பட்டிருக்கிறதா? அணை ஒன்றை மட்டுமே சொத்தாக வைத்திருக்கும் ஒரு தனி நிறுவனம் வாங்குகிறதா? அப்படியென்றால் அணை உடைந்த மறுநாள் அந்த நிறுவனத்திடம் இழப்பீடு கொடுக்க ஒன்றும் இருக்காது, ஏனென்றால் அதன் ஒரே சொத்து ஆற்றோடு போய்விட்டது. பொது அமைப்பு வாங்குவது நல்லது. ஏரியால் பயன் பெறும் வீடுகளிடமிருந்து வரி வசூலித்துப் பணம் திரட்டும் அதிகாரம் அதற்கு இருந்தால் இன்னும் நல்லது. ஏரி வேண்டும் என்பவர்களே அதன் பாதுகாப்புக்கும் பணம் கட்டுகிறார்கள், அதில் ஒரு நேர்மை இருக்கிறது. வாஷிங்டன் மாநிலத்தில் எல்வா ஆற்றின் இரண்டு அணைகளைத் தனியாரிடமிருந்து அமெரிக்க அரசு 2000இல் விலைக்கு வாங்கியது, ஆனால் வாங்கியதே 2011இல் தொடங்கி இடித்து எடுப்பதற்காகத்தான்.

இடிப்பது

இந்தச் சொல்லைக் கேட்டதும் பலருக்கு நெஞ்சு கனக்கும். தாத்தா கட்டியது, ஊருக்கு முதல் விளக்கு ஏற்றியது என்று ஒவ்வோர் அணைக்கும் ஒரு கதை இருக்கும். அந்தப் பிடிப்பைக் குறை சொல்ல முடியாது. ஆனால் செலவுக் கணக்கில் இடிப்பதற்கு இருக்கும் ஒரு குணம் வேறெதற்கும் இல்லை. ஒருமுறை செய்தால் முடிந்தது. மற்ற எல்லா வழியிலும் ஆய்வு, காப்பீடு, பழுது, கவலை என்று செலவு முடிவில்லாமல் தொடரும்.

மெய்ன் மாநிலத்தில் கென்னபெக் ஆற்றில் 1837இல் கட்டிய எட்வர்ட்ஸ் அணை 3.5 மெகாவாட்தான் தந்தது. ஆற்றுக்கு அது செய்யும் கேட்டோடு ஒப்பிட்டு, உரிமத்தைப் புதுப்பிக்க 1997இல் ஆணையம் மறுத்தது. 1999 ஜூலை 1ஆம் தேதி அணை உடைத்துத் திறக்கப்பட்டது, மீன்கள் மேலே ஏறத் தொடங்கின. வாஷிங்டன் மாநிலத்தில் காண்டிட் அணையில் மீன் ஏறும் வழி கட்டுவதைவிட இடிப்பது மலிவு என்று அதன் உரிமையாளரான மின் நிறுவனமே முடிவு செய்தது. 2011இல் அடியில் சுரங்கம் தோண்டி வெடிவைத்துத் திறந்தார்கள். மெய்ன் மாநிலத்தின் பெனாப்ஸ்காட் ஆற்றில் செய்தது எனக்கு இன்னும் பிடிக்கும். கீழே இருந்த இரண்டு அணைகளை எடுத்துவிட்டு, அதே ஆற்றுப் படுகையில் உள்ள மற்ற அணைகளில் உற்பத்தியைக் கூட்டி, மொத்த மின்சாரம் குறையாமல் பார்த்துக்கொண்டார்கள். ஒரே உரிமையாளருக்குப் பல சின்ன அணைகள் இருந்தால் இப்படி யோசிக்க இடம் உண்டு.

அவசரப்பட்டு இடித்தாலும் கெடுதல் வரும். நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் ஆற்றில் ஃபோர்ட் எட்வர்ட் அணையை 1973இல் எடுத்தபோது, பின்னால் பல ஆண்டாகப் படிந்திருந்த வண்டல் கீழே போனது. அந்த வண்டலில் மேலே இருந்த ஆலைகள் கொட்டிய நச்சு ரசாயனம் கலந்திருந்தது. அதனால் வண்டலில் பல இடங்களில், பல ஆழங்களில் மாதிரி எடுத்துச் சோதிப்பது இடிப்பதற்கு முந்தைய முதல் வேலை. மேலே பாலம் இருந்தால், ஆறு தன் படுகையை அறுத்துக்கொண்டு பின்னோக்கிப் போகும்போது தூண்களின் அடி வெளியே தெரியுமா என்றும் பார்க்க வேண்டும்.

"அணையை எடுத்தால் கீழே வெள்ளம் வருமே" என்று கூட்டங்களில் கேட்பார்கள். வெள்ளத்தைப் பிடித்து வைக்கக் கட்டிய பெரிய அணைக்கு அது பொருந்தும். ஏரியை எப்போதும் நிறைத்தே வைத்திருக்கும் சின்ன நீர்மின் அணையில் வெள்ளத்துக்கு இடமே கிடையாது, மேலே வந்த அளவுதான் கீழே போகும். ஒன்றரை மணி நேரக் கணக்கு இங்கேயும் பொருந்தும்.

நம் அணைக்கு என்றால்

சட்டம் கேட்கவில்லை என்பதை வைத்து யாரும் முடிவெடுக்க வேண்டாம். இந்தியாவின் அணைப் பாதுகாப்புச் சட்டம், 2021 பொதுவாக 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளுக்கும், சில நிபந்தனைகளோடு 10 முதல் 15 மீட்டர் வரையுள்ள அணைகளுக்கும் பொருந்தும். அதற்குக் கீழே உள்ளவை அந்தச் சட்டத்தின் பார்வைக்கு வெளியே. நீர் 6 மீட்டர் விழும் நம் சின்ன அணையும் அப்படி விடுபடக்கூடும். 39 பேரைக் கொன்ற கெல்லி பார்ன்ஸின் உயரமே சுமார் 12 மீட்டர்தான். எத்தனை மீட்டர் என்பதைவிடக் கீழே எத்தனை வீடு என்பதுதான் கேள்வி.

கீழே பத்து கிலோமீட்டருக்கு வயலும் காடும் மட்டும் என்றால் உரிமையாளருக்கு யோசிக்க அவகாசம் உண்டு. அணை ஓரத்தில் பள்ளிக்கூடமோ குடியிருப்போ இருந்தால் இல்லை. நான் அந்த மேஜையில் உட்கார்ந்திருந்தால், வரும் வறண்ட காலத்திலேயே விளிம்பை 2 மீட்டர் வெட்ட அனுமதிக்கு எழுதுவேன். அனுமதி வரும்வரை, இருக்கும் மதகைத் திறந்து ஏரியைச் சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு இறக்கி வைத்திருப்பேன். அது கொடுப்பது ஒன்றரை மணி நேரம்தான், ஆனால் அந்த ஒன்றரை மணி நேரத்தில் ஓர் ஊரைக் காலி செய்யலாம். விளிம்பை வெட்டிய பிறகு, மீதி 14 லட்சம் யூனிட்டில் அணை தன் செலவைத் தானே தாங்குகிறதா என்று இரண்டு ஆண்டு பார்ப்பேன். தாங்கினால் கரைக்கு வடிகட்டியும் வடிகாலும் போட்டு நடத்தலாம். தாங்காவிட்டால், பணத்தோடு வரும் பொது அமைப்புக்கு ஓராண்டு காத்திருப்பேன். அதுவும் வராவிட்டால் வண்டல் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பி இடிக்கும் வேலையைத் தொடங்குவேன்.

அதற்கெல்லாம் முன்னால் இந்த வாரமே செய்யக்கூடியது ஒன்று உண்டு. உடைந்தால் நீர் எந்தத் தெருவரைக்கும் போகும் என்ற வரைபடத்தை எடுத்துக்கொண்டு, கீழே உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் நேரில் போவது. யார் வீட்டில் நடக்க முடியாத பெரியவர் இருக்கிறார், யாரிடம் போன் இல்லை, ராத்திரியில் சைரன் ஒலித்தால் எந்த மேட்டுக்கு ஏற வேண்டும் என்று பேசி எழுதிக்கொண்டு வருவது. அந்தப் பட்டியலில் ஒரு பிரதி அணைக் காவலாளி அறையின் சுவரில் இருக்க வேண்டும், ஒரு பிரதி காவல் நிலையத்தில்.